பன்னா போதாத கூரைப்புடவை

பயிற்சி வகுப்பில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் படத்தை நானும் பார்த்தேன். பேரிக்காய் உடம்பு, ஆப்பிள் உடம்பு, இன்னும் என்னென்னவோ. கல்யாணப் புடவை எடுக்க வருகிற பெண் எந்தப் பழம் என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் போதும், அவளுக்கு எதை எடுத்துப் போட வேண்டும் என்று எதிரிலேயே அச்சடித்திருக்கிறது. குறை சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இப்படியொரு காகிதம் கையில் இருந்திருந்தால் எவ்வளவோ திட்டு மிச்சமாகியிருக்கும். ஆனாலும் பெண்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிவைத்த மாதிரி பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

படத்தில் இருப்பதெல்லாம் சரிதான். குட்டையான பெண்ணுக்கு அகலக் கரை போட்டால் பாதி ஆளைக் கரையே தின்றுவிடும். ஒல்லியான பெண்ணுக்கு மொடமொடப்பான பட்டு நன்றாக இருக்கும். சற்றுப் பருமனாக இருப்பவளுக்குப் பெரிய கட்டம் ஆகாது. உயரமான பெண்ணுக்குக் கரையும் தலைப்பும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாங்கும். இதையெல்லாம் கவுண்டரில் நாலு முகூர்த்த மாதம் நின்றால் கண் தானாகக் கற்றுக்கொள்ளும். படத்தில் இல்லாத ஒன்றைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவேன். ஓய்வு பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் என்ன ஓய்வு அது?

அறுபதுகளின் நடுவில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்த்தேன். நான் கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவள். வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போய்விடலாம். கடையில் விற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். ஒரு பெண் கண்ணாடி முன்னால் நின்று புடவையைத் தோளில் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பார்கள், அவள் கூச்சப்பட்டு எதையோ ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதனால்தான் முதலாளி என்னை எடுத்தார். புடவையைப் போட்டுக் காட்டுவது, கட்டிக் காட்டுவது, நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்வது, இதுதான் என் வேலை. எங்கள் பக்கத்தில் மடிசார் கட்டுகிற வழக்கம் கிடையாது. மாட்டுங்கா மாமிகளிடமே கேட்டுக் கேட்டு அதையும் கற்றுக்கொண்டேன். கடைசியில் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

கூரைப்புடவை என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்துக்குப் பெண் உடுத்துகிற ஒன்பது கஜப் பட்டு அது. அரக்கு நிறத்தில் இருக்கும். அதை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார். முகூர்த்தத்தில் மாப்பிள்ளை தன் கையால் அதைப் பெண்ணிடம் கொடுப்பார், நாத்தனார் அவளை உள்ளே கூட்டிப்போய்க் கட்டிவிடுவாள். எங்கள் கடைக்கு வந்த வீடுகளில் அதற்கு முன்னால் பெண் அதைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். இதில் உள்ள கோளாறைக் கவனியுங்கள். புடவையை எடுப்பவர்கள் பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருப்பார்கள், அதுவும் பாயில் உட்கார்ந்த கோலத்தில். உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு முகம் உண்டு, நிறம் உண்டு, பாட்டு உண்டு. உடம்பின் அளவு யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் செம்பூரிலிருந்து ஒரு மாமி கூரைப்புடவை எடுக்க வந்தார். மகனுக்குக் கல்யாணம். கூடவே மகளையும் அழைத்து வந்திருந்தார். கடையில் விரித்திருந்த மெத்தையில் வசதியாக உட்கார்ந்துகொண்டு, "நல்லதா, கனமா எடு" என்றார். நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"பொண்ணு ஒசரமா மாமி, குட்டையா?"

"உக்காந்துண்டுதானே இருந்தா. தலையைக் குனிஞ்சுண்டு வந்தா, நமஸ்காரம் பண்ணினா, உக்காந்தா, ஒரு கீர்த்தனை பாடினா. நாங்க பஜ்ஜியைச் சாப்ட்டுட்டுக் கெளம்பிட்டோம். இதோ, என் பொண்ணாட்டம் இருப்பான்னு வெச்சுக்கோயேன்."

அவர் மகள் நடுத்தர உயரம். சரி என்று நாலைந்து புடவைகளைப் பிரித்துப் போட்டேன். எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துத் தள்ளிவிட்டார். மெலிசு, மெலிசு, இதுவும் மெலிசு. "உடம்போட ஒட்டப்படாதும்மா. தோள்ல போட்டா அப்படியே பலகையாட்டம் நிக்கணும்" என்றார். கடையிலேயே கனமானதாக ஒன்றை எடுத்து அவர் மகளின் தோளில் போட்டேன். நெருக்கமான கட்டம், அடர்த்தியான நெசவு, மழைக்கோட்டு மாதிரி நின்றது. எல்லாரும் முன்பக்கம் பார்ப்பார்கள், கரையைப் பார்ப்பார்கள், தலைப்பை விரித்துப் பார்ப்பார்கள். இந்த மாமி மகளைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகை மட்டும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் திரும்பு, குனி, நிமிர் என்று பாடாய்ப் படுத்திவிட்டு, "இதையே கட்டிடு" என்றார். எனக்குக் கொஞ்சம் வினோதமாகத்தான் இருந்தது. ஆனால் முகூர்த்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு மாமியின் வினோதத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு மாமி தன் பெண்ணோடு வந்தார். மாட்டுங்காவிலேயே குடியிருக்கும் பாலக்காட்டுக் குடும்பம். பெண்ணின் பெயர் ராஜி, கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். வாசலில் கட்டியிருந்த மாவிலைத் தோரணம் அவள் தலையில் சரசரவென்று உரசியது. "குனிஞ்சு வாடீ" என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

நான் கடையில் பார்த்த பெண்களில் அவ்வளவு உயரமானவள் யாரும் இல்லை. உயரம் மட்டும் என்றால் ராஜாத்தி மாதிரி இருந்திருப்பாள். ஆனால் இரண்டு தோள்களையும் முன்னால் மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்து, முதுகை வளைத்துக்கொண்டு நின்றாள். நலங்குக்கு ஒரு புடவை, வரவேற்புக்கு ஒரு புடவை வேண்டும் என்றார்கள். எதைப் போட்டாலும் மார்புக்கு முன்னால் தொங்கியது. கொடியில் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. இந்தக் கோலத்துக்கு எந்தக் கடையிலும் புடவை கிடையாது.

"கொஞ்சம் நிமிந்து நில்லு தாயி" என்றேன்.

அவள் நிமிருவதற்குள், "வேண்டாம், வேண்டாம். அவ இப்படியே நிக்கட்டும்" என்று அம்மா குறுக்கே வந்தார்.

பேச்சுக்கு நடுவில் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை வீடு செம்பூர். "கூரைப்புடவைகூட ஒங்க கடையிலதான் எடுத்திருக்காளாம், கேட்டேளா" என்றார் பெருமையாக. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சமயத்தில் செம்பூரிலிருந்து வந்து எங்களிடம் கூரைப்புடவை எடுத்தது அந்த ஒரு மாமிதான். அந்த மழைக்கோட்டுப் புடவை! அது அந்தச் செம்பூர் மாமி தன் மகளின் அளவுக்குப் பார்த்து எடுத்தது. புடவையின் அகலத்தை நம் தொழிலில் பன்னா என்கிறோம் இல்லையா, ஒரு பெண்ணின் உயரத்துக்கு ஈடு கொடுப்பது அதுதான். நீளம் எத்தனை கஜம் இருந்தாலும் பன்னா போதாவிட்டால் புடவை காலை எட்டாது. ஆறு கஜப் புடவையென்றால் இடுப்பில் இறக்கிக் கட்டி எப்படியாவது சமாளித்துவிடலாம். மடிசாரில் பின்னால் இழுத்துச் செருகுகிற கச்சம் வேறு போட வேண்டும், அந்த வேலையெல்லாம் நடக்காது. இந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் நடந்து வந்தால் பாதிக் கெண்டைக்கால் வெளியே தெரியும். அதுவும் முகூர்த்த நேரத்தில், மாற்றுப் புடவைக்கு வழியே இல்லாத நேரத்தில்.

அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேசினார்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன. பையன் இவளைவிடக் கட்டை. இதுக்கு முன்னால வந்த வரனெல்லாம் ஒசரம், ஒசரம்னே தட்டிப்போச்சு. இவா பெண் பாக்க வந்தப்போ வளைஞ்சு உக்காருன்னு நான்தான் சொல்லி வெச்சேன். அதாக்கும் சங்கதி. தாலி ஏறிட்டா அப்புறம் யாரு அளந்து பாக்கப் போறா?"

"தாலி ஏறுததுக்கு முன்னாலயே அந்தப் பொடவை காட்டிக் குடுத்துரும் மாமி."

"முட்டியைக் கொஞ்சம் மடக்கிண்டு நடக்கச் சொல்றேன்" என்றார். சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது.

கண்ணாடி முன்னால் நின்ற ராஜிக்கு இது கேட்டிருக்க வேண்டும். "முட்டியை மடக்கிண்டு எத்தனை வருஷம்மா குடித்தனம் பண்ணட்டும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்பது போலத்தான் கேட்டாள். அம்மா அவளை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரவிக்கைத் துணி இருக்கும் பக்கம் போனார். அந்த இடைவெளியில் பெண் என்னிடம் வந்தாள்.

"மாமி, அவா மறுபடியும் இங்க வருவாளா?"

"நாத்தனாருக்குப் பொடவை எடுக்கணும்னு சொன்னாவ. வருவாவ."

"வந்தா நீங்க சொல்லிடுங்கோ. அம்மா சொல்ல மாட்டா, என்னைச் சொல்லவும் விடமாட்டா. நின்னுபோறதா இருந்தா இப்பவே நின்னு போகட்டும். மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னால நிக்கப்படாது."

அவ்வளவு பெரிய விஷயத்தை என் தலையில் வைத்துவிட்டு, அம்மா வருவதைப் பார்த்ததும் மறுபடியும் தோளை மடக்கிக்கொண்டு நின்றாள். நான் புடவை விற்க வந்தவள். ஒரு கல்யாணம் நடப்பதா நிற்பதா என்பது என் வாயில் வந்து நிற்கும் என்று முதலாளி வேலைக்கு எடுக்கும்போது சொல்லவில்லை.

எங்கள் கடையில் மூத்த விற்பனையாளர் ஒருவர் இருந்தார், எங்கள் ஊர்க்காரர்தான். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏ பொன்னுத்தாயி, வித்த சரக்கப் பத்தி வாயத் தொறக்காத. கல்யாணம் நின்னுச்சுன்னா நம்ம கடைப் பேருதான் ஊரெல்லாம் அடிபடும். ரெண்டு வீட்டுக்காரவளும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாவ."

"அப்பம் அந்தப் புள்ள மண்டபத்துல சீரழியட்டுமாக்கும்?"

"அப்பிடி யாரு சொன்னா? தறியில பழுது இருக்குன்னு சொல்லிப் பெரிய பன்னாப் பொடவையா மாத்திக் குடுத்துரு. காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும்."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அந்த யோசனையும் மோசமில்லை. எனக்கு அதில் ஆசைகூட வந்தது, பொய் சொல்வதில் எனக்குப் பெரிய கூச்சமெல்லாம் கிடையாது. கவுண்டரில் நிற்பவர்கள் தினம் எத்தனை பேரிடம் "உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கு" என்று சொல்கிறோம்! ஆனால் அந்தப் பெண் என்னிடம் கேட்டது புடவையை மாற்றித்தரச் சொல்லி அல்ல. புடவையை மட்டும் மாற்றினால் தாலி ஏறும், அதற்குப் பிறகு அவள் என்றைக்கு நிமிர்வது? இன்னொரு சிக்கலும் இருந்தது. அரக்கு நிறத்தில் பெரிய பன்னா எங்கள் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவோ பூப்போல மெல்லிய பட்டு. கனம் கனம் என்று கேட்டவரிடம் அதைப் பழுதுக்குப் பதிலாகக் கொடுத்தால் முகத்தில் விட்டெறிவார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது தைரியத்தினால் என்று நினைக்காதீர்கள், செம்பூர் மாமி வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படிச் சொல்வது என்பதை மட்டும் யோசித்து வைத்துக்கொண்டேன். பெண் உயரம் என்று ஆரம்பிக்கக் கூடாது, புடவை குட்டை என்று ஆரம்பிக்க வேண்டும். நீங்களும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் குறை எப்போதும் துணியில் இருக்கட்டும், உடம்பில் இருக்க வேண்டாம்.

மாமி மகளோடு வந்தார். நாலு புடவை பிரித்துப் போட்டேன். கை தன்பாட்டில் வேலை செய்தது, வாய் வரவில்லை. அண்ணாச்சி தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"மாமி, அன்னைக்கு எடுத்த கூரைப்பொடவைக்குப் பன்னா போதாது. மாத்திக்கிடுங்க."

"போதாதா? யாருக்குப் போதாது?"

"உங்க மாட்டுப்பொண்ணுக்கு."

மாமியின் கை புடவை மேலேயே நின்றுவிட்டது. "அவளை நீ எங்க பாத்தே?"

"அம்மாகூட இங்க வந்திருந்தாவ."

மாமி மகளைத் திரும்பிப் பார்த்து, "நீ போய் அந்தப் பக்கம் ரவிக்கைத் துணி பாரு" என்றார். அவள் போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு என் பக்கம் குனிந்தார். குரல் ரொம்பவும் இறங்கிவிட்டது.

"நின்னாளா?"

"நின்னா மாமி."

"முதுகு... முதுகு எப்படி இருக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உயரத்தைப் பற்றிக் கேட்பார் என்று நான் பயந்துகொண்டிருக்க, இவர் முதுகைக் கேட்கிறார்.

"முதுகா மாமி?"

"என்கிட்ட மறைக்காதேம்மா. கூன் எவ்வளவு இருக்கு? பொடவைக்கு மேல தெரியறதா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பெண் பார்க்கப் போன அன்று, உயரத்தை மறைக்க ராஜி வளைந்து உட்கார்ந்தாளே, அதைப் பார்த்து இந்த மாமி அவளுக்குக் கூன் முதுகு என்று முடிவுகட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் ஒன்றை மறைக்கப்போய் இன்னொரு வீட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்று முளைத்திருக்கிறது.

"கூனா! ஐயோ மாமி, அந்தப் புள்ளைக்குக் கூனும் கெடயாது, ஒரு மண்ணும் கெடயாது. ஒசரம் மாமி, நல்ல ஒசரம். அத மறைக்கத்தான் தோள மடக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. நம்ம கடைத் தோரணம் அதுக்குத் தலையில தட்டுது."

மாமி என்னையே பார்த்தார். முடிந்தது, கல்யாணம் நின்றது என்றுதான் நினைத்தேன்.

"என் பிள்ளையைவிட ஒசரமா?"

"இருக்கும் மாமி."

"ஒசரம் மட்டுந்தானா?"

"மட்டுந்தான்."

"சத்தியமா?"

"என் புள்ளைங்க மேல சத்தியமா."

தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். பார்த்தால் சிரிக்கிறார், கண்ணில் தண்ணீரும் கொட்டுகிறது. கொஞ்சம் ஆறியதும் சொன்னார்.

"அவளைப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே போயிடுத்து. முகம் மகாலக்ஷ்மியாட்டம் இருக்கு, முதுகு இப்படி ஆயிடுத்தேன்னு. யாரைப் போய்க் கேக்கறது? உங்க பொண்ணுக்குக் கூனான்னு சம்பந்தியைக் கேக்க முடியுமோ? என் பிள்ளைகிட்ட ஜாடையா சொல்லிப் பாத்தேன். எப்படி இருந்தாலும் அவதான்னு ஒத்தைக்கால்ல நிக்கறான். சரி, நம்மாத்துக்கு வரப்போறவ. நாலு பேர் அவ முதுகைக் காட்டிக் கிசுகிசுன்னு பேசப்படாதுன்னுதான் அவ்வளவு கனமா எடுத்தேன்."

நான் மெத்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கையாளர் முன்னால் உட்காரக் கூடாது என்பது கடைச் சட்டம். அன்று அது எனக்கு ஞாபகம் வரவில்லை. சும்மா படுத்துகிறார் என்று நான் மனசுக்குள் எரிச்சல்பட்டேனே, அந்த மாமி முன்பின் பேசியறியாத ஒரு பெண்ணின் முதுகை ஊர்க்கண்ணிலிருந்து மூடிவைக்கத் துணி தேடியிருக்கிறார். கூன் என்றே நினைத்துக்கொண்டு, அவளை மருமகளாகவும் ஏற்றுக்கொண்டு தேடியிருக்கிறார். அந்த நேரத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தக் காலத்தில் அதெல்லாம் முடியாது, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய பன்னாப் புடவையை எடுத்துப் பிரித்தேன். மாமி தடவிப் பார்த்தார்.

"மெலிசா இருக்கே. முதுகோட படியுமோ?"

"படியும் மாமி."

"படியட்டும். நன்னாப் படியட்டும்."

அண்ணாச்சி அங்கிருந்தே எங்கள் எல்லாருக்கும் காப்பி சொல்லி அனுப்பினார். அவராகக் காப்பி வாங்கிக்கொடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் யாருமே வெறும் ஆசையோடு வருவதில்லை, ஒரு பயத்தையும் கூடக் கொண்டுவருகிறார்கள். கறுப்பு, பருமன், வயசு தெரிகிறது, தழும்பு தெரிகிறது, எதுவோ ஒன்று. "கனமா வேணும்" என்று ஒருவர் கேட்டால் கனமானதை எடுத்துப் போடத்தான் வேண்டும். ஆனால் எதற்காகக் கனம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முதல் நாளே நான் கேட்டிருந்தால் அந்த மாமிக்குத் தூக்கமாவது மிச்சமாகியிருக்கும். பாதிப் பயங்கள் வெளியே சொன்னதும் கரைந்துபோகும். மீதிப் பாதிக்குத்தான் உங்கள் படமும் பன்னாவும் தேவைப்படும்.

அந்த வாரமே ராஜி ஆபீஸ் முடிந்து தனியாகக் கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வா என்று கையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கூன் என்று கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் பெருமூச்சு விட்டாள். பாரம் இறங்கிய கூலிக்காரன் விடுவானே, அந்த மாதிரி மூச்சு. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அம்மா நம்பவில்லை. கடைக்காரி எதையாவது சொல்லுவாள், நாளைக்கு அவர்கள் மனசு மாறினால் என்ன செய்வது என்று கல்யாணம் வரைக்கும் அவளை வளைத்தே வைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு வரன் தட்டிப்போவது என்றால் என்னவென்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு என்னை அழைத்தவர் செம்பூர் மாமி. அவர் மகள் பம்பாயில் பிறந்து வளர்ந்தவள், ஒன்பது கஜம் கட்டிவிடத் தெரியாது. "நீ பக்கத்துல நின்னு சொல்லு, அவ கட்டுவா" என்று கூப்பிட்டார். முகூர்த்தத்துக்கு முன்னால் அறைக்குள் நான் சொல்லச் சொல்ல நாத்தனார் கட்டினாள். புடவை கணுக்காலில் வந்து அழகாக உட்கார்ந்தது. பன்னா கொஞ்சமும் குறையவில்லை, மிஞ்சவும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாத்தனார் என் காதில், "அண்ணாவுக்கு இவ ஒசரம் மொதல்லயே தெரியுமாம். ஸ்டேஷன்ல டிரெயினுக்கு நிக்கறப்போ பாத்திருக்கானாம். ஏண்டா சொல்லலைன்னா, அம்மா கேக்கவே இல்லையேங்கறான்" என்றாள்.

கதவைத் திறந்தோம். மண்டபம் நிறைய ஆட்கள். அறை வாசலில் காத்திருந்த ராஜியின் அம்மா மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "தோளைக் குறுக்கிக்கோடீ, தலையைக் குனி" என்றார். ராஜி சொல்லிவைத்தது போல வளைந்தாள். எத்தனை வருஷப் பழக்கம், ஒரு நாளில் விடுமா? அப்படியே இரண்டு அடி நடந்தாள்.

மணைக்குப் பக்கத்தில் நின்ற செம்பூர் மாமி அதைப் பார்த்துவிட்டார். நாதஸ்வரத்தையும் மீறி அவர் குரல் கேட்டது.

"நிமிர்ந்து வாம்மா! ஒன் ஒசரம் தெரிஞ்சுதான் அகலமா எடுத்திருக்கேன்!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மணையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை சிரித்துவிட்டார். ராஜி நின்றாள். முதலில் தோள் விரிந்தது, பிறகு கழுத்து எழும்பியது, பிறகு முதுகு. அரக்குப் பட்டு அவள் முதுகோடு ஒட்டி நேராக இறங்கியது. அங்கே நின்ற ஆண்களில்கூட அவள் அளவுக்கு ஒருவரும் இல்லை.

அவள் அம்மா முழங்கையை விட்டுவிட்டுப் பின்னால் நின்றார். மகள் நடந்து போவதை அண்ணாந்து பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எம் பொண்ணு எவ்வளவு ஒசரம், பாத்தேளா!"